பயந்த பூனைக்குப் பொறுமையான வீடு தேடுகிறோம் – சென்னை, தெற்குப் புறநகர்

தாழ்வாரம்:

தாம்பரம் தாண்டி ஒரு சின்னப் பூனைக் காப்பகம், வார இறுதியில் போய்க் கூடமாட வேலை செய்கிறேன். அங்கே மிளகு என்று ஒரு பெண் பூனை. நாட்டுப் பூனைதான், சாம்பல் நிறம், கறுப்பு வரி. பல்லைப் பார்த்த டாக்டர் நாலைந்து வயது இருக்கும் என்றார். கருத்தடை ஆகிவிட்டது, ரேபிஸ் ஊசியும் கூட்டு ஊசியும் போட்டாகிவிட்டது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனிதர்களைக் கண்டால்தான் பயம்.

தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவிடம் வளர்ந்தவள். அமைதியான வீடு, நாளெல்லாம் மெதுவாக ரேடியோ ஓடிக்கொண்டிருக்குமாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. அந்த அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் இவளைத் துரத்திப் பிடித்துக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து கூண்டின் கடைசி மூலையில், மலஜலத்துக்கு வைத்த மண் தட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறாள். யாராவது எட்டிப் பார்த்தால் கண் முழுக்கக் கறுப்பாகிவிடும், காது பின்னால் படிந்துவிடும். கடித்ததில்லை, பிறாண்டியதில்லை, அப்படியே உறைந்துபோவாள். ராத்திரி ஆள் நடமாட்டம் நின்ற பிறகு எழுந்து சாப்பிடுகிறாள், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறாள், கேமராவில் தெரிகிறது.

தத்தெடுக்க வருகிறவர்கள் அவள் கூண்டு முன்னால் அரை நிமிஷம் நிற்பார்கள். அதற்குள் பக்கத்துக் கூண்டிலிருந்து ஒரு குட்டி கம்பி வழியாகக் கையை நீட்டிச் சட்டையைப் பிடிக்கும், முடிந்தது கதை. இப்படிப்பட்ட பூனைக்கு விளம்பரம் எப்படி எழுதுவது, எந்த மாதிரி வீட்டைத் தேடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதரே வேண்டாம் என்கிற பூனையை ஏன் மனிதர் வீட்டுக்குள்ளேயே அடைக்க வேண்டும்? கருத்தடைதான் ஆகிவிட்டதே, சோறு போடுகிற ஆள் இருக்கும் தெருவாகப் பார்த்து விட்டுவிடலாமே. எங்கள் தெருவில் ஏழெட்டு அப்படித்தான் இருக்கின்றன, சௌக்கியமாக.

வேப்பேரி_மாணவி:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகவில்லை, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி அண்ணா சொல்வது தெருவிலேயே பிறந்து வளர்ந்த பூனைக்குப் பொருந்தும். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர் பழக்கம் சுலபமாக ஒட்டும் காலம். அந்த வயதில் மனிதக் கையே படாமல் வளர்ந்த பூனை பெரும்பாலும் கடைசிவரை விலகித்தான் இருக்கும், அதைப் பிடித்து வீட்டில் அடைப்பது கொடுமைதான். மிளகு கதை வேறு. அவள் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தவள், மனிதர் கையால் சாப்பிட்டவள். அவளுக்குத் தெரு நாயும் தெரியாது, பைக்கும் தெரியாது. வேறு பூனைகளின் எல்லைக்குள் புதிதாகப் போய் விழுந்தால் அடித்துத் துரத்திவிடும்.

கூண்டில் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், பயத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். தாழ்வாரம் அக்கா, கேமராவில் இதையெல்லாம் கவனியுங்கள்: ஆள் இல்லாதபோது வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளா, கூண்டுக் கம்பியில் கன்னத்தைத் தேய்க்கிறாளா, எப்போதாவது மியாவ் என்கிறாளா. மனிதரோடு வாழ்ந்த பூனைதான் மனிதரைப் பார்த்துக் கத்தும், தெருவிலேயே வளர்ந்தது பெரும்பாலும் வாயைத் திறக்காது.

அப்புறம், இன்றைக்கே செய்யக்கூடியது: கூண்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வையுங்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி, ஒன்பதுக்குப் பெட்டி இல்லை. மூன்றாம் நாலாம் நாளிலேயே பெட்டி கிடைத்தவை பதற்றம் குறைந்து தெரிந்தன. மண் தட்டுக்குப் பின்னால் படுப்பதென்றால் அவளுக்கு ஒளிய வேறு இடமே இல்லை என்றுதானே அர்த்தம்.

தாழ்வாரம்:

வால் தூக்குகிறாள்! நேற்று ராத்திரிப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் கம்பியில் கன்னத்தையும் தேய்க்கிறாள். பெட்டி வைத்தாயிற்று, வைத்த கையோடு உள்ளே போய்விட்டாள். பெட்டி வைத்தால் தத்தெடுக்க வருகிறவர் கண்ணில் படமாட்டாளே என்று காப்பகத்தில் ஒருவர் முனகினார். இப்போது மட்டும் யார் கண்ணில் படுகிறாளாம்.

ஈசூன்காரன்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீவக (அரசு வீட்டு வாரியம்) அடுக்குமாடிகளில் 1989இலிருந்து பூனைக்குத் தடை, 2024 செப்டம்பர் 1இல்தான் நீக்கினார்கள். இப்போது வீட்டுக்கு இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம், மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) உரிமமும் கட்டாயம். தடை இருந்தபோதும் ஆட்கள் வளர்க்கத்தான் செய்தார்கள், ஒளித்து வைத்து. வீட்டில் இன்னோர் உயிர் இருப்பதே வெளியே தெரியாத பூனை யாருக்கு வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் எங்கள் புளோக்கில் பாதிப் பேருக்கு வேண்டும்!

விளையாட்டு இருக்கட்டும். தத்து விளம்பரம் நிறைய எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். 'கொஞ்சம் கூச்ச சுபாவம், அன்பு காட்டினால் மடியில் ஏறிவிடுவாள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர் மடியை விரித்துக்கொண்டுதான் வருவார். பத்து நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பூனையைப் பார்த்து, எங்களை அதற்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். திரும்பி வந்த பூனைக்கு அடுத்த வீடு இன்னும் கஷ்டம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மிளகு. பெண், சுமார் 4 வயது, கருத்தடையும் ஊசியும் முடிந்தது. மனிதர்களைக் கண்டால் ஒளிந்துகொள்வாள். முதல் சில வாரம் அவள் உங்கள் வீட்டில் இருப்பதற்கு அடையாளம் காலியான தட்டும் நனைந்த மண்ணும்தான். மாதங்கள் கழித்து உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாம். கடைசிவரை தொட விடாமலும் போகலாம். இதற்குச் சம்மதம் என்றால் பேசுங்கள். சின்னக் குழந்தைகளும் நாயும் இல்லாத வீடாக இருந்தால் நல்லது."

இதைப் படித்துப் பத்துப் பேர் போன் செய்ய மாட்டார்கள், ஒருவர் செய்வார். அந்த ஒருவர்தான் உங்களுக்குத் தேவை. போட்டோவுக்கும் இதே கணக்கு. பிளாஷ் அடித்துப் பயந்த முகத்தை எடுத்துப் போடாதீர்கள், ஐயோ பாவம் என்று வருகிறவர்கள் பாவம் தீர்ந்ததும் போய்விடுவார்கள். ராத்திரி கேமராவில் வால் தூக்கி நடக்கிறாளே, அதையே போடுங்கள்.

சும்மா_வந்தவன்:

எல்லாம் சரி, ஆனால் இந்தக் காப்பகக்காரர்களின் கெடுபிடியைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? போன வருஷம் நான் ஒரு பூனை கேட்டுப் போனேன், பெயர் வேண்டாம், வேறு ஊர். சம்பளம் என்ன, சொந்த வீடா, கல்யாணம் ஆகுமா, ஆகிவிட்டால் வரப்போகிறவளுக்குப் பூனை பிடிக்குமா! பெண் பார்க்கிற படலத்தில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். வாடகை வீடு என்றதும் முடியாது என்றார்கள். இப்படி வடிகட்டிக்கொண்டே இருந்தால் பூனை கூண்டிலேயேதான் கிழடாகும். இந்த மிளகுக்கும் குழந்தை கூடாது, நாய் கூடாது, அடுத்தது என்ன கூடாது என்பீர்கள்?

தாழ்வாரம்:

உங்கள் கோபம் நியாயம்தான். வாடகை வீடு என்பதற்காக நாங்கள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, அனுப்பினால் சென்னையில் யார் மிச்சம்? ஓனர் சம்மதித்தாரா என்று ஒரு வார்த்தை கேட்போம். சம்பளம் கேட்க மாட்டோம். உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டரிடம் காட்டுவீர்களா என்று கேட்போம்.

குழந்தை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு வயதுக் குழந்தை கெட்டது செய்யாது, கட்டிலுக்கு அடியில் குனிந்து 'மிளகு, மிளகு' என்று நாளுக்கு இருபது தடவை கூப்பிடும். அது போதும் இவள் சாப்பாட்டை நிறுத்துவதற்கு. பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளை என்றால் தாராளமாகச் சரி.

நாலாம்_மாடி:

வீடு என்று பேசும்போது ஆட்களையே பார்க்கிறீர்கள், கட்டடத்தையும் பாருங்கள். பயந்த பூனை புது வீட்டில் முதல் ராத்திரி ஓட்டை தேடும். நம் ஊர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் கண்ணாடிப் பட்டை ஜன்னல் இருக்கிறதே, பட்டைகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். சமையலறையில் எக்சாஸ்ட் ஃபேனுக்காக விட்ட துளை, ஃபேன் மாட்டாமல் அட்டை வைத்து மறைத்திருப்பார்கள். பால்கனியில் துணி காயப்போடும் இடம். கொசுவலையை நம்பவே நம்பாதீர்கள், நகம் பட்டால் கிழியும், வெல்க்ரோ ஒட்டியது என்றால் தள்ளினாலே போச்சு. புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை இழுத்துக் கட்டலாம், இரும்பு வலை இன்னும் நல்லது. அப்புறம் லாஃப்ட். பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டு நாள் கண்ணில் படமாட்டாள், நீங்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

இன்னொன்று, வாசல் கதவு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தண்ணி கேன், பால், கூரியர், சாப்பாடு டெலிவரி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலிங் பெல். குருவி கத்துகிற மாதிரி அலறும் அந்தப் பெல்லைக் கழற்றி வைக்கச் சம்மதிக்கிற ஆளா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் தத்து விண்ணப்பத்தில் முதல் கேள்வி அதுதான்.

மொட்டைமாடி:

சரி, தெருவில் விடுகிற யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் அத்தை ஒரு பூனையைப் பயம் தெளியட்டும் என்று தினம் துண்டில் சுற்றி மடியில் வைத்து ஒரு மணி நேரம் தடவுவார். அது பேசாமல் படுத்திருக்கும். அப்படிப் பழக்கினால் சீக்கிரம் ஆகாதா?

வேப்பேரி_மாணவி:

பேசாமல் படுத்திருப்பதும் பயம்தான் அண்ணா. தப்பிக்க வழியில்லை என்றால் பூனை உறைந்துபோகும், பார்க்கிறவருக்கு அது சமாதானம் ஆனது போலத் தெரியும். கையைக் கண்டாலே இன்னும் அரண்டுபோவதுதான் அதில் மிச்சம். எப்போதாவது ஒரு பூனை பழகிவிடலாம், பத்தில் எது பழகும் எது உடைந்துபோகும் என்று முன்கூட்டித் தெரியாது.

எதிர்ப்பக்கம் போங்கள். அதே அறையில், அவளைப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இது பாட்டி வைத்தியம் இல்லை, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிக் கண்ணைச் சுருக்கிய மனிதருக்குப் பூனைகளும் பதிலுக்குச் சுருக்கின, அறிமுகம் இல்லாதவர் நீட்டிய கைக்கு அருகில் வரவும் செய்தன. சத்தமாகப் படித்துக்காட்டுவதும் உதவும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பெர்க்ஸ் கவுன்டி காப்பகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூண்டு பக்கத்தில் உட்கார்ந்து பூனைகளுக்குக் கதை வாசிக்கிறார்கள். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரல், யாரும் தொட வரவில்லை, பூனைக்கு அது போதும். மிளகுக்கு ரேடியோ பழக்கம் என்கிறீர்கள், ஆளில்லாத நேரத்திலும் தாழ்ந்த குரலில் ஓடட்டும்.

இரவுப்பணி:

ரொம்ப நாளாக இந்தத் தளத்தில் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல். சோழிங்கநல்லூரில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டு ஷிப்ட், ராத்திரி முழுக்க வீட்டிலிருந்தே வேலை, பகலில் தூங்குவேன். வீட்டுக்கு யாரும் வருவதில்லை, காலிங் பெல் கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது, சரி பண்ணவில்லை. ஊரில் பூனையோடு வளர்ந்தவன். ஈசூன்காரன் எழுதிய விளம்பரத்தைப் படித்தேன், எனக்குச் சம்மதம். மடியில் எல்லாம் ஏற வேண்டாம், ராத்திரி அறையில் இன்னோர் உயிர் நடமாடினால் போதும். ஆனால் தனி ஆண், வாடகை வீடு, இரவு வேலை. காப்பகத்தில் ஒத்துக்கொள்வார்களா?

நாலாம்_மாடி:

அவள் எழுகிற நேரத்தில் விழித்திருக்கிற ஆள். இதைவிட என்ன வேண்டும்?

சும்மா_வந்தவன்:

தனி ஆண் என்று மட்டும் தட்டிக் கழித்துப் பாருங்கள், நான் இங்கேயே ஒரு தனி இழை ஆரம்பிக்கிறேன்.

வேப்பேரி_மாணவி:

இரவுப்பணி அண்ணா, ஒத்துக்கொள்வதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முழு வீட்டையும் முதலிலேயே திறந்து விடாதீர்கள், ஒரு சின்ன அறை போதும். ஒரு மூலையில் மண் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு, நடுவில் ஒளிய இரண்டு இடம். கட்டிலுக்கு அடியைவிட வாசல் வெட்டிய பெட்டி நல்லது, தேவைப்பட்டால் பெட்டியோடு தூக்கலாம். காப்பகத்தில் என்ன சாப்பிடுகிறாளோ அதையே கொடுங்கள், மாற்றுவதெல்லாம் அப்புறம்.

முக்கியமானது இதுதான். பொறுமை என்பதற்காகப் பட்டினியையும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒளிந்திருப்பதற்குக் கெடு கிடையாது, எத்தனை வாரம் வேண்டுமானாலும் ஒளியட்டும், சாப்பாட்டுக்குக் கெடு உண்டு. முழுசாக ஒரு நாள் தட்டைத் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன், இரண்டாம் நாளும் அப்படியென்றால் தூக்கிக்கொண்டு போயே ஆக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், அதுவும் கொஞ்சம் குண்டான பூனைக்குச் சீக்கிரம். மத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வைத்தால் வாசனைக்கே வருவாள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். காய்ச்சல் போலத் தெரிந்தாலும் பாரசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

டாக்டரிடம் போவதே அவளுக்கு ஒரு பூகம்பம். போவதற்கு முன்னால் கொடுக்கப் பதற்றம் குறைக்கும் மாத்திரை உண்டு. கேட்டு, எடைக்குத் தகுந்த அளவு எழுதி வாங்கி வையுங்கள், கடையில் நீங்களாக வாங்கக் கூடாது.

ஈசூன்காரன்:

ஒருவேளை தப்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. பதறி ஓடிய வீட்டுப் பூனை தூரம் போகாது, பக்கத்தில் எங்கேயோ மூச்சு விடாமல் ஒளிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் பங்கெடுத்து 2018இல் வந்த ஆய்வில், காணாமல் போய்க் கிடைத்த பூனைகளில் நாலில் மூன்று தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் கிடைத்தன. முதலில் உங்கள் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடம், மோட்டார் ரூம், படிக்கட்டுக்கு அடி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைவு. நடு ராத்திரியில் டார்ச் அடித்துத் தரையோடு தரையாகப் பாருங்கள், கண் மின்னும். பெயரைச் சொல்லிக் கத்தினால் வரமாட்டாள். மைக்ரோசிப் போட்டிருக்கிறதா? இல்லை என்றால் அனுப்புவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

தாழ்வாரம்:

சிப் இல்லை, இந்த வாரம் போடச் சொல்லிவிட்டேன்.

இரவுப்பணி, உங்கள் தனிச்செய்தி கிடைத்தது, காப்பகத்திலும் பேசிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, சும்மா_வந்தவன் இழை ஆரம்பிக்க வேண்டியதில்லை. முதலில் தத்து என்று கையெழுத்து வேண்டாம், தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் எந்த நேரமும் எங்களிடமே திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றிவிடக் கூடாது, அந்த ஒன்றுக்கு மட்டும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். ஊசிச் செலவு எங்களுடையது.

நீங்கள் கேட்ட தேதி ஒத்துவராது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. புது வீடும் சரவெடியும் ஒன்றாக வந்தால் இவள் தாங்க மாட்டாள். காப்பகம் ஊருக்கு வெளியே வயல் பக்கம், அங்கே சத்தம் குறைவு. பண்டிகை முடிந்து, மிச்சப் பட்டாசும் வெடித்துத் தீர்ந்து, ஒரு வாரம் போகட்டும். அதற்குள் மேலே திறக்கும் வகைக் கூடை ஒன்றைக் கூண்டுக்குள் வைத்துவிடுகிறேன், அதிலேயே படுக்கப் பழகட்டும். கோணி, சாக்கு எதையும் கண்ணில் காட்டப் போவதில்லை.

இரவுப்பணி:

சரி அக்கா, தீபாவளிக்கு அப்புறமே வைத்துக்கொள்வோம். வீட்டு ஓனரிடம் கேட்டேன். நாய் என்றால் கூடாது, பூனை என்றால் எலியாவது குறையட்டும் என்றார். இவள் எலி பிடிக்கிற நிலைமையில் இல்லை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பாத்ரூம் ஜன்னலுக்கும் எக்சாஸ்ட் துளைக்கும் இரும்பு வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். லாஃப்டுக்குக் கதவு போட ஓனர் விடமாட்டார், நடு அறையில் லாஃப்ட் கிடையாது, அங்கேயே வைத்துக்கொள்கிறேன், என் மேஜையும் அங்கேதான். அவள் படுக்கும் துணியைத் துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

தாழ்வாரம்:

துணி வரும், அட்டைப்பெட்டியும் வரும், இப்போதிருக்கும் தட்டிலிருந்து ஒரு கை மண்ணும் அள்ளித் தருகிறேன், அதைப் புது மண்ணின் மேல் தூவிவிடுங்கள், இடம் தெரிந்துகொள்வாள். வலை அடித்து முடித்ததும் போட்டோ அனுப்புங்கள், நாலாம்_மாடி பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கட்டும்.

சும்மா_வந்தவன், நீங்கள் இன்னும் பூனை தேடிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? மூன்று காலோடு ஒரு கறுப்பன் இருக்கிறான், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன், சோற்றுத் தட்டை நம் கையிலிருந்தே பிடுங்குவான். வாடகை வீடா சொந்த வீடா என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள்.